துரை மாளிகையும் லயன் அறையும்: ஊவாத் தோட்டக் கட்டடங்கள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

இலங்கையின் கட்டடக்கலை பற்றி எழுதியோர் அநுராதபுரத்துத் தாதுகோபங்களையும் பொலன்னறுவைச் சிவாலயங்களையும் ஒல்லாந்தர் கட்டிய கோட்டைகளையும் பெரிதும் ஆராய்ந்துள்ளனர். பிரித்தானியர் காலத்து மலைநாட்டுக் கட்டடங்களுக்கு அத்தகைய கவனம் நெடுங்காலம் கிட்டவில்லை. கிட்டியபோதும் அது வரலாற்றாசிரியர் வழியாக வந்ததன்று. உல்லாசப் பயணத்துறை வழியாகவே வந்தது. பழைய துரைமார் பங்களாக்கள் இன்று விருந்தினர் விடுதிகளாகவும் உயர்தர ஹோட்டல்களாகவும் மாறியுள்ளமையால், அவற்றின் தூண்களும் கணப்படுப்புகளும் விளம்பரத் தாள்களில் விவரிக்கப்படுகின்றன. இவ்விவரணைகளில் ஒரு பெருங்குறை உண்டு. பங்களா தனித்து நிற்கும் கட்டடமாகவே அவற்றிற் காட்டப்படுகின்றது. தோட்டம் என்னும் அமைப்பில் அது ஓர் உறுப்பு மாத்திரமே. அதற்கு எதிர்முனையில் தொழிலாளரின் லயன் இருந்தது. இரண்டையும் ஒருங்குவைத்து நோக்காதவிடத்து இரண்டுமே விளங்கமாட்டா.

இந்நோக்குக்கு ஊவா மாகாணம் மிகப் பொருத்தமான களமாகும். அப்புத்தளையிலிருந்து தம்பேத்தன்னை வழியாகப் பூனாகலை மலை வரையிற் பரந்து கிடக்கும் தேயிலை நிலத்திலே, ஒரு சில மைல் தூரத்துக்குள், பிரித்தானியர் கட்டிய வீட்டு வகைகள் பலவற்றைக் காணலாம். சேர் தோமஸ் லிப்டன் 1890இல் தம்பேத்தன்னைத் தோட்டத்தை வாங்கியபின், பூனாகலை மலையுச்சியில் அமர்ந்து தம் உடைமையை நோக்கினார் என்பர். அவ்விடம் இன்றும் லிப்டன் இருக்கை என்றே வழங்குகின்றது. அங்கிருந்து நோக்குவார்க்கு மலைமுதுகுகளில் பங்களாக்களும் பள்ளங்களில் லயன் வரிசைகளும் புலப்படும். இவ்விடவேறுபாடு தற்செயலானதன்று என்பது பின்னர் காட்டப்படும்.

ஊவாவிற் கோப்பிச் செய்கை பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் பரவியது. கோப்பியை அழித்த இலைநோய் 1869இல் முதன்முதலாக அவதானிக்கப்பட்டதும் இம்மாகாணத்து மடுல்சீமைப் பகுதியிலேயாம். கோப்பிக் காலத்துத் துரைமாரின் வாசஸ்தலங்கள் பெரும்பாலும் மண்சுவரும் புற்கூரையும் கொண்ட தற்காலிகக் கொட்டில்களே. நிலைபேறுடைய பங்களாக்கள் தேயிலையின் வருகையோடும் புகையிரதப் பாதையின் வருகையோடும் எழுந்தன. பாதை 1893இல் அப்புத்தளையையும் 1894இல் பண்டாரவளையையும் அடைந்தது. பதுளையை அடைய மேலும் முப்பது ஆண்டுகள் சென்றன. இரும்புத் தகடு, கண்ணாடி, சீமெந்து ஆகியவற்றை மலைமேற் கொணர்வது பாதை வந்த பின்னரே எளிதாயிற்று. பண்டாரவளை ஹோட்டல் 1893இல் தோன்றியதும் இதே சூழ்நிலையிலேதான். அது தொடக்கத்திலிருந்தே விடுதி. வீடு விடுதியாக மாறியமைக்கு உதாரணமன்று. ஆயினும் அதன் நீண்ட விறாந்தையும் ஒருமாடி அமைப்பும் பங்களாவையே முன்மாதிரியாகக் கொண்டவை.

பங்களா என்னும் சொல் வங்காளத்திலிருந்து வந்தது. வங்கக் கிராமத்துக் குடியானவனின் தாழ்ந்த கூரை வீடே அதன் மூலம். கிழக்கிந்தியக் கொம்பனியார் அதனைத் தம் தேவைக்கேற்பப் பெருக்கி, நாற்புறமும் விறாந்தை சேர்த்து, பேரரசு முழுவதற்கும் உரிய வீட்டு வடிவமாக்கினர். வெப்பநாட்டுக்கென வகுக்கப்பட்ட அவ்வடிவம் நாலாயிரம் அடிக்கு மேற்பட்ட குளிர்ந்த மலைகளுக்கு வந்தபோது மாறுதல் பெற்றது. நடுக்கூடத்திற் கணப்படுப்பு அமைந்தது. கூரைக்குமேல் புகைபோக்கி எழுந்தது. விறாந்தையின் ஒரு பகுதி கண்ணாடியால் அடைக்கப்பட்டது. தகரக் கூரையின் கீழ்ப் பலகைத் தளவரிசை இடப்பட்டது. சமையலறை பிரதான வீட்டிலிருந்து விலகிப் பின்புறத்தில் நின்றது. அதற்கு அப்பால் அப்புவுக்கும் ஏனைய வேலையாட்களுக்கும் உரிய அறைகள். முன்புறம் புற்றரை, பின்புறம் உழைப்பு என்ற இப்பிரிவு ஊவாவின் ஏறத்தாழ எல்லாப் பங்களாக்களுக்கும் பொதுவானது.

இப்பொதுமைக்குப் புறம்பாக நிற்பது அப்புத்தளை நகருக்கு மேற்கே, தங்கமலைச் சரணாலயத்தை அடுத்து அமைந்த அடிஷம் மாளிகை. இது தோட்டத் துரையின் உத்தியோக வாசஸ்தலமன்று, பங்களாவுமன்று. இங்கிலாந்தின் நாட்டுப்புறப் பிரபு மாளிகையொன்றை ஊவா மலைமேல் எழுப்பும் முயற்சி இது. இதனைக் கட்டுவித்த சேர் தோமஸ் லிஸ்டர் வில்லியர்ஸ் 1869இற் பிறந்து 1887இல் இலங்கைக்கு வந்தவர். தோட்டத்தில் வேலை பழகத் தொடங்கி, காலப்போக்கில் 1835இல் தாபிக்கப்பட்ட பழம்பெரும் வர்த்தக நிலையமான ஜோர்ஜ் ஸ்டுவர்ட் கொம்பனியின் தலைமையை எய்தினார். சட்டசபையிலும் அங்கம் வகித்தார். அவருடைய தந்தையார் இங்கிலாந்தின் கென்ற் மாவட்டத்தில் அடிஷம் என்னும் சிற்றூரின் குருவாக இருந்தவர். பிறந்த ஊரின் பெயரே மாளிகைக்கு இடப்பட்டது. 1931இல் அது கட்டி முடிந்தது.

கட்டடத்தை வரைந்தோர் பூத், வெப்ஸ்டர் என்னும் இருவர். கென்றிலுள்ள லீட்ஸ் கோட்டை அவர்களுக்கு மாதிரியாயிருந்தது என்பது வழக்கு. கனத்த கருங்கற் சுவர், உயர்ந்த புகைபோக்கிகள், சிறு கட்டங்களாகப் பகுக்கப்பட்ட சாளரங்கள், கூர்ந்த கூரைமுகப்புகள் ஆகியன தியூடர் மரபையும் அதனை அடுத்துவந்த முதலாம் ஜேம்ஸ் காலத்து மரபையும் நினைவூட்டுவன. உள்ளே நுழைந்தால் கல்லின் ஆட்சி நீங்கி மரத்தின் ஆட்சி தொடங்குகின்றது. கதவு, படிக்கட்டு, தளம், சுவரை மூடிய பலகை ஆகிய யாவும் பர்மியத் தேக்கு. கூரையிலும் ஓட்டுக்குப் பதிலாகத் தேக்குச் சிம்புகளே பரப்பப்பட்டன. இங்கிலாந்தில் ஓக் மரம் பெற்ற இடத்தை இங்கே தேக்கு பெற்றுள்ளது. தூரத்துத் தாய்நாட்டை அச்சொட்டாகப் படியெடுக்க முயன்ற கட்டடமும் பேரரசின் இன்னொரு மூலையிலிருந்து வந்த பொருளாலேயே ஆயிற்று என்பது கவனிக்கத்தக்கது.

அடிஷத்தின் மாதிரியைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். லீட்ஸ் கோட்டை மிகப் பழையது. எட்டாம் ஹென்றி மன்னன் காலத்திற் புதுப்பிக்கப்பட்டது. ஆனால் இன்று அங்கே பிரதானமாகத் தோன்றும் மாளிகைப் பகுதி தியூடர் காலத்ததன்று. 1823 அளவில் பழைய பகுதியை இடித்துவிட்டுத் தியூடர் பாணியில் மீளக் கட்டியது அது. எனவே அடிஷம் ஒரு போலியின் போலி எனலாம். இதனை இகழ்ச்சியாகக் கொள்ளவேண்டியதில்லை. கைத்தொழிற் புரட்சியால் மாறிவிட்ட இங்கிலாந்தின் உயர்குடியினர், மாறாத ஒரு பழைய இங்கிலாந்தைக் கல்லிற் கற்பனை செய்துகொண்டனர். குடியேற்ற நாட்டில் வாழ்ந்தோர் அக்கற்பனையை மேலும் இறுகப் பற்றிக்கொண்டனர். உண்மையான கோட்டைக்குப் பகைவரைத் தடுக்கும் தேவை இருந்தது. அடிஷத்துக்கு அத்தேவை இல்லை. அதன் சுவர் தடுத்தது மலைநாட்டின் காட்சியையே எனத் தோன்றுகின்றது. பங்களாவின் விறாந்தை வெளியை நோக்கித் திறந்திருப்பது. அடிஷத்தின் சிறு சாளரங்களோ உள்ளிருப்பாரைக் கென்றில் இருப்பதாக நம்பச் செய்வன.

வில்லியர்ஸின் குடும்ப வரலாறு இக்கட்டடத்துக்கு எதிர்பாராத ஒரு பொருளைத் தருகின்றது. அவருடைய தாய் வழிப் பாட்டனார் இருமுறை பிரித்தானியப் பிரதமராயிருந்த ஜோன் ரசல் பிரபு. ரசல் குடியேற்ற நாடுகளின் அமைச்சராயிருந்த காலத்தில், 1840இல், இந்தியக் கூலிகளைக் கரும்புத் தோட்டங்களுக்கு அனுப்பும் பிரச்சினை அவர்முன் வந்தது. அம்முறை அடிமை முறையின் புதிய வடிவமாக மாறக்கூடும் என்றும் அதற்குத் தாம் பொறுப்பேற்க விரும்பவில்லை என்றும் அவர் எழுதினார். வரலாற்றறிஞர் ஹியூ டிங்கர் 1974இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வுநூலின் தலைப்பு அவ்வாசகத்திலிருந்தே எடுக்கப்பட்டது. இலங்கைக்கு வந்தோர் ஒப்பந்தக் கூலிகளாக அன்றிக் கங்காணி முறையின்கீழ் வந்தவர்கள் என்பது உண்மையே. எனினும் முற்பணக் கடனாலும் துண்டு முறையாலும் அவர்கள் கட்டுண்டிருந்தனர். துண்டு முறை 1921 வரை ஒழிக்கப்படவில்லை. பாட்டனார் அஞ்சிய முறைக்கு நெருங்கிய உறவுடைய முறையொன்றின் செல்வத்திலேயே பேரனாரின் மாளிகை எழுந்தது. ரசலின் தயக்கம் குடியகல்வை நெடுநாள் நிறுத்தவுமில்லை என்பதை நோக்கும்போது, இதைத் தனிமனிதரின் குணக்குறையாகக் கொள்வது சிறுபிள்ளைத்தனமாகும். பொருளாதாரத் தேவை அமைச்சரின் மனச்சாட்சியிலும் வலியதாயிருந்தது.

அடிஷம் எழுந்த ஆண்டுகளின் கூலி நிலையையும் ஈண்டு நினைவுகூரலாம். 1927ஆம் ஆண்டின் இந்தியத் தொழிலாளர் சட்டத்தைத் தொடர்ந்து 1929இல் குறைந்தபட்சக் கூலி நடைமுறைக்கு வந்தபோது, உயர்நிலத் தோட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதமும் பெண்ணுக்கு 43 சதமும் சிறுவருக்கு 32 சதமும் விதிக்கப்பட்டன. உலகப் பொருளாதார மந்தம் வந்ததும் 1930களின் முற்பகுதியில் இக்கூலியும் குறைக்கப்பட்டது. தேக்குச் சிம்புகள் கூரையேறிய காலமும் கூலி இறங்கிய காலமும் ஏறத்தாழ ஒன்றே.

இனி லயனை நோக்குவோம். லயன் ஒரு கட்டடக்கலை வகையா என்று வினவப்படலாம். திட்டமிட்ட அளவும் திரும்பத் திரும்ப வரும் அமைப்பும் நூறாண்டுக்கு மேற்பட்ட தொடர்ச்சியும் கொண்ட ஒரு வீட்டு வடிவத்தைக் கட்டடக்கலை அல்ல என்று ஒதுக்குவதற்கு நியாயம் இல்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவான அறைகள், பத்தோ பன்னிரண்டோ, ஒரே தகரக் கூரையின்கீழ் வரிசையாக நிற்கும். இரட்டை லயனாயின் நடுச்சுவரின் இருமருங்கும் அறைகள் முதுகொட்டி நிற்கும். அத்தகைய அறைக்கு முன்புறமன்றிக் காற்றுக்கு வேறு வழியில்லை. ஓர் அறை ஒரு குடும்பத்துக்கு. சமையலும் உறக்கமும் பேறும் பிணியும் நூற்றிருபது சதுர அடிக்குள். குளிரைப் பொறுத்தவரை துரை வீட்டுக் கூடத்துக்குப் புகைபோக்கி இருந்தது. அதே குளிரில் வாழ்ந்த தொழிலாளியின் அடுப்புப் புகைக்குப் போக்கிடம் கூரையின் இடுக்கே.

இவ்வடிவம் படைவீரர் தங்ககத்தையும் தொழுவத்தையும் ஒத்தது. தமிழகத்துக் கிராம வீட்டின் எந்த வகையையும் ஒத்ததன்று. தஞ்சை, திருச்சி, சேலம், புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து வந்தோர் எளிய குடிசையில் வாழ்ந்திருப்பினும், திண்ணையும் கொல்லையும் அவர்களுக்கு அந்நியமல்ல. அவ்வீடு குடும்பம் பெருகும்போது தானும் பெருகக்கூடியது. லயன் அறையோ இருபுறமும் பிறர் சுவரால் அடைபட்டது. வங்கக் குடியானவனின் வீட்டு வடிவம் துரையின் மாளிகையாக உயர்ந்தது. தமிழ்க் குடியானவன் தன் வீட்டு வடிவத்தையே இழந்தான். இலங்கை மலைநாட்டில் இவ்விரு நிகழ்ச்சிகளும் ஒரே தோட்டத்து வேலிக்குள் நிகழ்ந்தன.

ஆயினும் மக்கள் தமக்கு அளிக்கப்பட்ட சுவருக்குள் வாளாவிருந்தாரல்லர். அறைக்கு முன்னிருந்த ஒடுங்கிய தாழ்வாரத்தை அடைத்து, அடுப்பையோ படுக்கையையோ அங்கு மாற்றி, எஞ்சிய இடத்தைத் திண்ணை போலப் பயன்படுத்தினர். இதனை மலையகத்தார் இஸ்தோப்பு என்பர். இச்சொல் ஒல்லாந்தர் மொழியிலிருந்து வந்தது. உள்ளறையைக் காம்பரா என்பர்; அது போர்த்துக்கேயச் சொல்லின் திரிபு. சமையலிடத்தைக் குறிக்கும் குசினியும் போர்த்துக்கேயமே. முழுக் கட்டடத்துக்கும் உரிய லயன் என்பதோ ஆங்கிலம். இலங்கையை ஆண்ட மூன்று ஐரோப்பிய இனத்தாரும் அந்தச் சிற்றறையின் சொற்களில் இடம்பிடித்துள்ளனர். அதில் வாழ்ந்தாரின் மொழியிலிருந்து அதன் உறுப்புகளுக்குப் பெயர் வரவில்லை. வீட்டைத் தாமே அமைக்காதோர் அதற்குப் பெயரிடும் வாய்ப்பையும் பெறுவதில்லை போலும்.

பங்களாவும் லயனும் நின்ற இடங்களை முன்னர் குறிப்பிட்டோம். பங்களாவுக்கு மலைமுதுகு தெரிந்தெடுக்கப்பட்டது. காட்சி, காற்று, வடிகால் ஆகிய மூன்றும் அங்கே கிட்டும். தோட்டத்தைக் கண்காணிப்பதும் எளிது. லயனுக்கு ஒதுக்கப்பட்டது தேயிலைக்கு அதிகம் பயன்படாத நிலம், அல்லது பிரட்டுக்களத்துக்கும் தொழிற்சாலைக்கும் அண்மையான நிலம். நீர்வசதி கருதி ஓடைக்கரையிலும் மலைச்சரிவின் அடியிலும் வரிசைகள் எழுந்தன. இத்தெரிவின் விளைவு பல தலைமுறைகளின் பின்னரே முற்றாக வெளிப்பட்டது. 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் காலை, பூனாகலைக்குத் தெற்கே கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தைத் தோட்டத்தில் மலைச்சரிவு பெயர்ந்து லயன் வரிசைகளை மூடியது. பலர் உயிருடன் புதையுண்டனர். அந்நிலம் ஆபத்தானது என முன்னரே எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. 2023 மார்ச்சு மாதத்திற் பூனாகலைக் கபரகலைத் தோட்டத்திலும் மண் சரிந்து லயன்கள் அழிந்தன. மழையும் மண்ணும் இயற்கையின்பாற்பட்டவை. எந்தக் கட்டடம் எங்கே நிற்பது என்பது மனிதர் செய்த தீர்மானம்.

துரை வீடுகள் விடுதிகளான வரலாறு சுருக்கமாகக் கூறத்தக்கது. வில்லியர்ஸ் இங்கிலாந்து திரும்பியபின் அடிஷம் கைமாறி, 1960களின் தொடக்கத்தில் பெனடிக்ற் சபைத் துறவிகளின் மடமாயிற்று. அவர்கள் வரவேற்புக் கூடத்தையும் நூலகத்தையும் பழைய தளபாடங்களுடன் பேணி வருகின்றனர். சில அறைகள் விருந்தினர்க்கு விடப்படுகின்றன. தோட்டத்துப் பழங்களாற் செய்த பழப்பாகு விற்கப்படுகின்றது. ஹோட்டல்களாக மாறிய ஏனைய மாளிகைகளோடு ஒப்பிடுமிடத்து, அடிஷத்தில் ஆரவாரம் குறைவு. ஏனைய பங்களாக்களோ 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்களோடு சேர்ந்து அரசுடைமையாகி, 1992இல் தோட்ட முகாமை மீண்டும் தனியார் கொம்பனிகளிடம் சென்றபோது அவற்றின் பொறுப்பில் வந்தன. பெரிய வீட்டைப் பேணுவது செலவு; வாடகைக்கு விடுவது வரவு. அப்புத்தளையை அடுத்த தொட்டலாகலைப் பங்களாவும் பொகவந்தலாவைப் பக்கத்துப் பங்களாக்கள் சிலவும் இவ்வாறே உயர்தர விடுதிகளாயின. பட்லர் உபசாரமும் மாலைத் தேநீரும் இன்று கட்டணத்துக்குக் கிடைக்கின்றன. முன்பு துரைக்கு ஏவல் செய்தோரின் பேரப்பிள்ளைகள் அங்கே சீருடை அணிந்து பணிபுரிவதையும் காணலாம். வேலைவாய்ப்பு என்ற வகையில் அதனைக் குறைகூறுதல் தகாது. ஆனால் விருந்தினருக்குச் சொல்லப்படும் வீட்டு வரலாற்றில் அவர்களின் பாட்டன்மார் எவ்வளவு இடம் பெறுகின்றனர் என்பது கேட்கப்படவேண்டிய வினா.

லயன்களின் மாற்றம் இதனிலும் மெதுவாக நிகழ்ந்தது. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டத்தாலும் 1964இன் இருநாட்டு உடன்படிக்கையாலும் நிலையற்றோராக்கப்பட்ட மக்களுக்கு, தம் வீட்டைத் திருத்தும் உரிமையோ அதற்கான பாதுகாப்போ இருக்கவில்லை. தனிவீடும் அதற்கென ஏழு பேர்ச் காணியும் என்ற திட்டம் கடந்த பத்து ஆண்டுகளிலேயே வலுப்பெற்றது. 2017இல் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் மேலும் பதினாயிரம் வீடுகளுக்கான உதவியை அறிவித்தார். வீடுகள் எழுகின்றன; லயன்களும் நிற்கின்றன.

பயனற்ற பழைய கட்டடத்துக்குப் புதுப்பயன் காண்பது பற்றிய இரு நிகழ்ச்சிகள் இங்கே ஒப்புநோக்கத்தக்கன. நுவரெலியாவை அடுத்த கண்டப்பளையில் மூடிக் கிடந்த ஹெதர்செற் தேயிலைத் தொழிற்சாலை 1996இல் உயர்தர ஹோட்டலாகத் திறக்கப்பட்டது. கொழுந்து வாட்டிய மாடிகள் படுக்கையறைகளாயின; பழைய இயந்திரம் காட்சிப்பொருளாயிற்று. கட்டடத்தைச் சிதைக்காமற் காத்த அம்முயற்சி பாராட்டுக்குரியதே. மீரியபெத்தைச் சரிவில் வீடிழந்த குடும்பங்கள் பலவும் மூடப்பட்ட தேயிலைத் தொழிற்சாலை ஒன்றிலேயே குடியமர்த்தப்பட்டன. அது பூனாகலையை அண்டிய மாக்கல்தெனியாவில் உள்ளது. அங்கும் கொழுந்து வாட்டிய மாடிகளே படுக்கையறைகளாயின. தடுப்புகளால் பிரிக்கப்பட்ட சிற்றறைகளில், புதிய வீடுகள் 2016இல் கையளிக்கப்படும் வரை, அவர்கள் வாழ்ந்தனர்.